தாளமும் பாடமும்

செய்யுள்வழிக் கற்பித்தல் தமிழர்க்குப் புதிதன்று. நிகண்டுகளும் நன்னூலும் செய்யுளாய் அமைந்தன. திண்ணைப்பள்ளிச் சிறார் எண்சுவடியை ஓசையுடன் ஓதினர். 1973-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிற் பிறந்த ஹிப்ஹாப் இசையும், அதன் உறுப்பாகிய ராப் என்னுந் தாளவுரையும் அம்முறைக்கு அயலல்ல என்பது எம் கருத்து.

கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்டது காட்டுப்பள்ளி. அங்குள்ள மீனவச் சிறார்க்கு யாம் விடுமுறை மாலைகளிற் பாடஞ் சொல்லிவந்தோம். கொசத்தலையாறு எண்ணூரிற் கடலொடு கலப்பதைப் புத்தகத்திற் படிக்கச் சொன்னால் தலை கவிழ்வர்; அவ்வாற்றிலே இறால் பிடிப்பவரோ அவர்தந் தந்தையர்!

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் 2018 சனவரியிற் சென்னையில் முதன்முதல் மேடையேறி, கானாவையும் ராப்பையும் இணைத்துச் சாதியொழிப்பைப் பாடினர். அதனை எண்ணி, யாமும் பிளாஸ்டிக் குடத்தைத் தாளமாக்கி, ஆற்றைப் பற்றி அடிகள் கட்டுமாறு சிறாரை ஏவினோம்.

"ஏற்றம்" என்னுஞ் சொல்லுக்கு எதுகையாக, அதுகாறும் வாய் திறவாத சிறுமி ஒருத்தி "நாற்றம்" என்றாள். ஏட்டுத்தமிழில் அது நறுமணத்தையுங் குறிக்கும். அவள் குறித்ததோ கழிச்சேற்றின் தீநாற்றம். "ஏற்றத்துத் தண்ணீர் அதை ஏன் அண்ணா அடிச்சிட்டுப் போகல?" என்றும் வினவினாள். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் நீரோட்டந் தளரும், சாம்பலுங் கழிவும் அடியிற் படியும் என விளக்கினோம். அன்று ஒருவருந் தலை கவிழ்ந்திலர்.

பாட்டினால் மனப்பாடமே பெருகும், அறிவு பெருகாது என்பார் உளர். பிறர் கட்டிய பாட்டை ஒப்பித்தலளவில் அஃது உண்மையே. தானே அடி கட்டுங் குழந்தையோ எதுகையைத் தேடுங்கால் பொருளையுந் தேடுகின்றது. ஆசிரியப்பணி மேற்கொள்ளவிருக்கும் அன்பர்கள் தெருவின் தாளத்தைப் பள்ளிவாயிலில் நிறுத்தாதிருப்பாராக.