வல்லமை எதற்கு?

நான் வேலை பார்க்கும் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் போன மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அப்போது நடந்துகொண்டிருந்தது கணிதப் பாடம். பாடத்துக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை.

"சார், உங்க இயேசு சாமிக்குப் பவர் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"அப்புறம் ஏன் சார் நீங்க இன்னும் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள்லயே வர்றீங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டே வந்தது. பத்து வயதுப் பையன் வாய்விட்டுக் கேட்டதைத்தானே பெரியவர்கள் நாம் மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறோம்? கடவுளுக்குச் சக்தி உண்டு, சரி. அதனால் என் வீட்டுக்கு என்ன லாபம்?

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் மாரியம்மன் கோயிலுக்கோ முனியாண்டி கோயிலுக்கோ போகிறவர்கள். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். எனக்குத் தெரிந்ததைத்தான் நான் எழுத முடியும். ஆகவே என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யாரையும் மதம் மாற்ற அல்ல.

தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டம். பாதி ரப்பர், பாதி செம்பனை. அப்பா நான் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். அம்மா பால் மரம் வெட்டித்தான் அண்ணனையும் என்னையும் வளர்த்தார். அண்ணன் ஐந்தாம் பாரம் முடித்ததும் குலை வெட்டும் வேலைக்குப் போய்விட்டார். தோட்டத்து வேலையல்ல, கண்டிராக்டரிடம். பெயர்ப் பதிவு கிடையாது. கண்டிராக்டரின் சட்டைப் பையில் ஒரு 555 கணக்குப் புத்தகம் இருக்கும். அன்றைக்கு எத்தனை குலை என்று அதில் எழுதுவார். அதுதான் ஆதாரம் எல்லாம்.

1998-ஆம் ஆண்டு. ரிங்கிட் விழுந்து, பட்டணத்தில் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். ஆனால் செம்பனை எண்ணெய்க்கு மட்டும் நல்ல விலை. லோரி நிறையாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பார் கண்டிராக்டர். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். சும்மா இருப்பானேன் என்று நானும் அண்ணன் கூடவே உதிரிப் பழம் பொறுக்கப் போனேன்.

அன்று காலையிலிருந்தே மழை. உயரமான பழைய மரங்கள். நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் அண்ணன் இழுத்தார். குலை அசைந்ததும் பின்னால் நகரவேண்டும். நகர்ந்தபோது ஈர மட்டையில் கால் வழுக்கிக் குப்புற விழுந்தார். இருபது கிலோவுக்குக் குறையாத குலை அவர் முதுகிலேயே விழுந்தது. பத்தடி தூரத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. டாக்டர்கள் செய்யவேண்டியதைச் செய்தார்கள். இனி நடக்கமாட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

இப்போதுதான் எங்கள் வீட்டில் வல்லமை என்ற சொல் அடிக்கடி கேட்க ஆரம்பித்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு பட்டணத்திலிருந்து வந்து எங்கள் தகரக் கூரை ஜெபவீட்டில் ஆராதனை நடத்தும் போதகர், அமைதியான மனிதர். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். பக்கத்து வீட்டுப் பாட்டி திருநீற்றுத் தட்டோடு வந்தார். அம்மா திருநீற்றைப் பூசவும் இல்லை, பாட்டியின் மனத்தை நோகடிக்கவும் இல்லை. "கஞ்சி கொண்டு வந்தீங்களே, அதுவே பெரிசு அத்தை" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். அவ்வளவு நாள் பழக்கம்.

அந்தச் சமயத்தில் பட்டணத்தில் மூன்று இரவு எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் பேசினார். பேச்சு அபாரம். வேதாகமத்தில் வல்லமைக்குக் கிரேக்க மொழியில் துனாமிஸ் என்று சொல், அதுதான் டைனமைட், உங்கள் வாழ்க்கையில் அது வெடிக்கவேண்டும் என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். (ஆல்ஃபிரட் நோபல் தம் வெடிமருந்துக்கு அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தது 1867-இல்தான் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். முதலாம் நூற்றாண்டில் அந்தச் சொல்லை எழுதியவர்களுக்கு டைனமைட் தெரிந்திருக்க முடியாது. வாத்தியார் புத்தி, விட முடியவில்லை.)

மூன்றாம் இரவு நாலு பேர் சேர்ந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனோம். ஜெபம் நடந்தது. அண்ணன் எழவில்லை. ஊழியக்காரர் ஒலிபெருக்கியை மறைத்துக்கொண்டு அம்மாவிடம், "வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். பவுல் அப்போஸ்தலரே தம் உடலில் இருந்த முள் ஒன்றை எடுத்துப்போடும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் இருக்கிறது. பவுலுக்கும் விசுவாசம் குறைவா என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், குறை என்னிடம் இருந்தது என்பதுதான். அது வேறு குறை.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு கண்டிராக்டர் இரவில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். என்னை வெளியே கூப்பிட்டு, "தம்பி, காலேஜுக்கு மனுப் போட்டிருக்கியாமே, செலவு இருக்கும்" என்று ஓர் உறையைக் கையில் வைத்தார். உள்ளே 500 வெள்ளி. "உங்க அண்ணன் அன்னிக்கு வேலைக்கு வரலை. சொந்தமா உதிரிப் பழம் எடுக்க வந்த இடத்துல விழுந்துட்டான். நீயும் பார்க்கலை. என்ன?" என்றார். 555 புத்தகத்தில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டார் என்பது பின்னால் தெரிந்தது. அண்ணன் பெயரில் அவர் சொக்சோவுக்குப் பணம் கட்டியதே இல்லை. விபத்து என்று எழுதப்பட்டால் அவர் மாட்டிக்கொள்வார்.

அண்ணனுக்கு விழுந்த நேரத்து நினைவே இல்லை. சொக்சோ அதிகாரி விசாரிக்க வந்தபோது, "நான் பார்க்கலை" என்றேன். ஏன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பணம் ஒரு காரணம். ஆனால் பயம்தான் பெரிய காரணம். அந்தத் தோட்டத்தில் இருபது குடும்பம் அவரிடம் வேலை பார்த்தது. சொன்னால் யார் எங்களோடு பேசுவார்கள்?

அண்ணன் கால்களுக்காக மூன்று இரவு அழுது ஜெபித்தேனே, அந்த மூன்று இரவும் உறை என் பெட்டியில், பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் இருந்தது. கால்களுக்காகக் கேட்டேன். என் வாய்க்காகக் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து வந்த இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாருக்கோ விசுவாசம் குறைவு என்ற வார்த்தையை அவர் தம்மேல் போட்டுக்கொண்டு அழுதார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. வெகுநேரம் கழித்து, "வேதத்தை எடு" என்றார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தை என்னைப் படிக்கச் சொன்னார். பரிசுத்த ஆவி வரும்போது சீடர்கள் வல்லமை அடைவார்கள் என்று இயேசு வாக்களிக்கும் இடம். மேடையில் மூன்று இரவும் கேட்ட வசனம்தான். ஆனால் ஊழியக்காரர் வல்லமை என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார். வசனம் அங்கே நிற்கவில்லை. அவர்கள் தமக்குச் சாட்சிகளாக இருப்பார்கள் என்று தொடர்கிறது.

"சாட்சின்னா என்னாப்பா?" என்று கேட்டார் அம்மா.

நான் பதில் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறவன் சாட்சி. இதற்கு அகராதி வேண்டுமா?

அதே நடபடிகளில் எட்டாம் அதிகாரத்தில் சீமோன் என்ற மாயவித்தைக்காரன் வருகிறான். பேதுருவிடமும் யோவானிடமும் பணத்தைக் கொடுத்து அந்த வல்லமையைத் தனக்கும் தரும்படி கேட்கிறான். பேதுரு அவனைக் கடிந்து அனுப்புகிறார். அவன் பணம் கொடுத்து வல்லமையை வாங்கப் பார்த்தான். நான் பணம் வாங்கிக்கொண்டு அதை விட்டுக்கொடுத்திருந்தேன்.

மறுநாள் அம்மாவே உறையைக் கொண்டுபோய்க் கண்டிராக்டர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். மண்ணை வாரித் தூற்றிவிட்டு வா என்று லயத்துப் பெண்கள் சொல்லி அனுப்பினார்கள். அம்மா தூற்றவில்லை. எனக்கோ அந்த ஆளைக் கிழித்துவிட வேண்டும் என்று வெறி. அரசாங்க அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் அவர் செய்த பழைய அக்கிரமங்களையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"நீ பார்த்ததை மட்டும் சொல்லு. அதுக்கு மேல வெட்டாதே."

மரம் வெட்டியவர்களுக்கு இது விளங்கும். பட்டையை ஒரு மெல்லிய சீவல் அளவுக்குத்தான் சீவவேண்டும். சீவவும் பலம் வேண்டும், நிறுத்தவும் பலம் வேண்டும். அவசரத்தில் ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. முண்டும் முடிச்சுமாகிவிடும். அதற்குப் பிறகு அங்கே கத்தி ஓடாது. புதிதாக வந்தவன்தான் கையை அழுத்துவான் என்பார் அம்மா.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. முன்பு ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டார். "சாயா தாக்குட், புவான்" என்றேன். பயந்துவிட்டேன் என்ற அந்தச் சொற்கள் வெளியே வந்த பிறகு மற்றது எளிதாக இருந்தது. மழை, மட்டை, குலை, நான் நின்ற இடம், லோரி நிறைய வேண்டும் என்று கண்டிராக்டர் சொன்னது. அவ்வளவுதான். பத்து நிமிடம் ஆகியிருக்கும். முழங்கால் நடுங்கியது வெளியே வந்தும் நிற்கவில்லை. என் ஆயுளில் தெய்வ வல்லமையை நான் உணர்ந்த நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் வெடிப்பு ஒன்றுமில்லை. நடுக்கம்தான் இருந்தது.

சில மாதங்களில் அண்ணனுக்கு மாதாந்தரப் பணம் வர ஆரம்பித்தது. கண்டிராக்டர் கட்டாமல் விட்டதைக் கட்டவேண்டியதாயிற்று. மற்ற ஆட்களின் பெயர்களையும் அதற்குப் பிறகுதான் பதிந்தார். அவர்களில் சிலர் எங்களோடு பேச இரண்டு வருடம் ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். நான் பயந்தது வீண்பயமல்ல.

அண்ணன் நடக்கவேயில்லை. பதினோரு வருடம் படுக்கையில் இருந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். பதினோரு வருடத்தில் அது எத்தனை தடவை என்று மாணவர்களுக்குக் கணக்காகக் கொடுக்கலாம். நாற்பத்தெட்டாயிரத்தைத் தாண்டும். அம்மா வெட்டுக்குப் போகும் வேளையில் பாட்டி, நான் விடுமுறையில் வரும்போது நான், மற்ற நேரமெல்லாம் அம்மா. இரவில் எழுந்து, புரட்டி, துடைத்து, விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். சிடுசிடுக்காத நாள் இல்லாமலில்லை. ஒருநாள் வாளியை எட்டி உதைத்ததையும் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவைக்கு மறுபடி எழுந்தார்.

பவுல் சிறையிலிருந்துகொண்டு கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு வேண்டுதல் இருக்கிறது. கடவுளுடைய மகிமையின் வல்லமைக்கு ஏற்ற பலமெல்லாம் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்கிறார். இவ்வளவு பெரிதாகக் கேட்கிறாரே, மலையைப் புரட்டவா, கடலைப் பிளக்கவா என்று பார்த்தால், பொறுமைக்கு! சந்தோஷத்தோடு சகித்திருப்பதற்கு! முதல் தடவை கவனித்தபோது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு அம்மாவை நினைத்துக்கொண்டேன். அண்ணனின் கால்களைக் கழுவித் துணியால் ஒற்றி எடுக்கும்போதெல்லாம் யோவான் எழுதிய சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வரும். தந்தை எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்துவிட்டார் என்று அறிந்த இயேசு, அந்தக் கையால் முதலில் எடுத்தது ஒரு துணியைத்தான். சீடர்களின் கால்களைக் கழுவித் துடைப்பதற்காக.

2009-இல் சிறுநீரகத்தில் கிருமி ஏறி அண்ணன் காலமானார். கண்டிராக்டர் வந்து வாசலில், கடைசியில் நின்றார். அம்மா பார்த்துவிட்டு, "உள்ள வாங்க தம்பி" என்றார். எனக்கு அந்த அளவு வல்லமை அன்றைக்கு வரவில்லை. நான் பின்பக்கம் போய்விட்டேன். பிற்பாடு ஒருநாள் கடையில் பார்த்துப் பேசினேன். நானாகத்தான் பேசினேன், ஆனால் சுமார்தான்.

அடக்கம் முடிந்து பல மாதம்வரை அம்மா இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை தானாக எழுந்துகொள்வார். அந்தக் கட்டில்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுப்பார்.

இப்போது என்னோடுதான் இருக்கிறார். தோட்டத்தில் ரப்பரே இல்லை, எல்லாம் செம்பனை. அவருடைய பால் கத்தி மட்டும் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. சாயங்காலம் நான் வந்ததும் ஒரே கேள்விதான்: "இன்னிக்குப் பிள்ளைங்க யாரையும் ஏசுனியா?" ஏசிய நாளில் நான் சட்டையைக் கழற்றுகிற சாக்கில் அறைக்குள் போய்விடுவேன். பதில் அதிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பையனின் கேள்வியையும் அவரிடம் சொன்னேன். பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

"அவன் கேட்டது இருக்கட்டும். பின் டயரு தேஞ்சு போச்சுன்னியே, மாத்திட்டியா? மழைக்காலம் வருதுல்ல" என்றார்.