மீந்த துணிக்கைகளும் ஆண்டவருடையவை





ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஆண்டவர் ஐயாயிரம் பேரைப் போஷித்த அற்புதத்தை நான்கு சுவிசேஷகர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுள் யோவான் மட்டும் ஒரு சிறு செய்தியைக் கூடுதலாகச் சொல்லுகிறார். எல்லாரும் திருப்தியடைந்த பின்பு, மீந்துபோனவற்றை வீணாகவிடாமல் சேர்க்கும்படி ஆண்டவர் சீஷர்களுக்குக் கட்டளையிட்டார் (யோவான் 6:12). அப்பத்தைப் பெருகச்செய்ய வல்லவருக்கு மீந்த துண்டுகளைப் பற்றி என்ன கவலை? ஆயினும் அவர் கவலைப்பட்டார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன.

கோடை விடுமுறை தொடங்கியிருக்கும் இந்நாட்களில் இவ்வசனம் நம்முடைய நேரத்தைக் குறித்துச் சிந்திக்க என்னைத் தூண்டுகிறது. வேலைக்கும் படிப்புக்கும் உறக்கத்துக்கும் கொடுத்தது போக, நம் ஒவ்வொருவரிடமும் சில துணிக்கைகள் மீந்திருக்கின்றன. மாலையில் ஓர் அரைமணி நேரம், சனிக்கிழமையின் பிற்பகல், பிள்ளைகளுக்கு இந்த நீண்ட விடுமுறை. இவற்றை நாம் பொழுதுபோக்கு என்ற சொல்லால் குறிக்கிறோம். பொழுதைப் போக்குதல், அதாவது எப்படியாவது அதைக் கழித்துவிடுதல். ஆலயத்தில் செலவிடும் நேரம் கர்த்தருக்குரியது, அலுவலக நேரம் முதலாளிக்குரியது, எஞ்சியது யாருக்கும் உரியதன்று என்பதுபோல் நடந்துகொள்ளுகிறோம்.

இந்த மீந்த நேரத்தை ஒரு மனிதர் எப்படிக் கையாளலாம் என்பதை நான் முதலில் கண்டது என் பள்ளி ஆசிரியர் ஒருவரிடத்தில். தென்மாவட்டக் கரிசல் கிராமம் ஒன்றில் அவர் எங்களுக்கு வரலாறும் புவியியலும் கற்பித்தார். பாடவேளை முடிவதற்கு ஐந்தாறு நிமிடங்களுக்கு முன்பாகப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மேசையின் ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு பேசத் தொடங்குவார். அந்தப் பேச்சு எந்தத் தேர்விலும் கேட்கப்படவில்லை. தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்தவற்றுள் பெரும்பகுதி மறந்துபோயிற்று. அந்த ஐந்தாறு நிமிடப் பேச்சு இன்றும் நினைவில் நிற்கிறது.

அவர் தபால்தலை சேகரித்தார். ஹெல்வெட்டியா என்று அச்சிட்டிருந்தால் அது சுவிட்சர்லாந்து என்பதையும், மாகியார் என்றிருந்தால் ஹங்கேரி என்பதையும், நாட்டின் பெயரே இல்லாமல் அரசியின் தலைமட்டும் இருந்தால் அது இங்கிலாந்து என்பதையும் அவரிடமிருந்தே அறிந்தோம். இதனால் என்ன பயன் என்று ஒரு மாணவன் கேட்டபோது, "பயன் இருக்கிறதைத்தான் பார்க்க வேண்டுமென்றால், கடவுள் காட்டுக் கழுதையைப் படைத்திருக்கவே வேண்டாமே தம்பி" என்றார். பல ஆண்டுகள் கழித்து, இறையியல் கல்லூரியில் யோபு 39ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதுதான் அந்த விடையின் ஆழம் எனக்குப் புலப்பட்டது. மனிதனுக்கு அடங்காத காட்டுக் கழுதையையும், தன் முட்டைகளையே மறந்துவிடும் தீக்குருவியையும் கர்த்தர் யோபுவுக்குச் சுட்டிக்காட்டுகிறார். 104ஆம் சங்கீதமோ கடலில் விளையாடுவதற்கென்றே ஓர் உயிர் உண்டாக்கப்பட்டது என்று பாடுகிறது. படைப்பில் தேவனுடைய மகிழ்ச்சி இருக்கிறது. அதில் பங்குகொள்ளும் ஒருவன் நேரத்தை வீணாக்கவில்லை.

இசையைக் குறித்துப் பேசும்போது அவர் ஆபிரகாம் பண்டிதரை எடுத்துக்காட்டுவார். சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த பண்டிதரும் தொடக்கத்தில் ஓர் ஆசிரியரே. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சையில் கற்பித்து, பின்னர் சித்த மருத்துவத்தில் பெரும் பெயர் பெற்றார். அவருடைய பிழைப்பு மருத்துவம். அவருடைய உள்ளம் இசையில் இருந்தது. 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைத் தஞ்சையில் கூட்டினார். 1917இல் ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. தமிழிசை ஆய்வில் இன்றும் அந்நூலைக் கடந்து செல்ல இயலாது. மருந்து விற்று ஈட்டிய பொருளையும், அதற்குப்பின் மீந்த பொழுதையும் ஒரு கிறிஸ்தவர் இசைக்குக் கொடுத்ததன் விளைவு அது.

எங்கள் ஆசிரியர் பண்டிதரல்லர். ஆலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுவார், வீட்டில் பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது, அவ்வளவே. ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் அவருடைய மனைவி பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிற்று. போதகராக நான் அவ்வீட்டுக்குச் சென்றபோது, மாலைதோறும் கட்டிலருகே ஆர்மோனியத்தை வைத்துப் பாமாலைகளை வாசிப்பது அவருடைய வழக்கமாயிருந்தது. வார்த்தை வராத அந்த அம்மையார், தெரிந்த இராகம் வரும்போது மெல்ல முனகித் தாமும் சேர்ந்துகொள்ளுவார். அன்று நான் ஜெபிக்கும்போது தாவீதை நினைத்தேன். ஆடுகளுக்குப் பின்னால் திரிந்த நாட்களில், யாரும் கேளாத வெளியில் அவன் சுரமண்டலத்தை வாசித்துப் பழகினான். சவுல் கலங்கியபோது அரண்மனைக்கு அழைக்கப்பட்டது அந்தப் பழக்கமே (1 சாமுவேல் 16). பலனை எண்ணாமல் கற்ற ஒன்றைத் தேவன் எந்த நாளுக்காகச் சேர்த்துவைக்கிறார் என்பதை நாம் முன்னதாக அறியோம்.

விடுமுறை நாட்களில் அவர் தனிப்பயிற்சி நடத்த மறுத்துவிடுவார். பணம் வேண்டாமா என்று ஊரார் கேலி செய்தார்கள். அறுப்பு முடிந்த கரிசல் நிலத்தைக் கோடையில் உழுது, வெயில் காயப் போட்டுவைப்பதை அவர் எங்களுக்குக் காட்டுவார். வெறுமையாகக் கிடக்கும் அந்த நிலம் சோம்பியிருக்கவில்லை, அடுத்த மழைக்கு ஆயத்தமாகிறது என்பார். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கே ஓய்வு கட்டளையிட்ட தேவன் (லேவியராகமம் 25) பிள்ளைகளின் மூளைக்கு ஓய்வை மறுப்பாரா?

ஓய்வைப் பற்றி இன்னொன்றையும் வேதம் நமக்குக் கற்பிக்கிறது. மாற்கு 6ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். சாப்பிடவும் நேரமின்றிக் களைத்திருந்த சீஷர்களைத் தனித்து இளைப்பாற வரும்படி ஆண்டவர் அழைக்கிறார். படகேறிப் போகிறார்கள். கரையில் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். ஐயாயிரம் பேரைப் போஷித்த அற்புதம் சீஷர்களின் விடுமுறை நாளில்தான் நடந்தது! ஆண்டவர் ஜனங்கள்மேல் மனதுருகினார். எல்லாம் முடிந்தபின் தாம் தனியே மலைக்குச் சென்று ஜெபித்தார். ஓய்வு தேவனுடைய ஈவு. ஆயினும் அயலான் பசியோடு கரையில் நிற்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளுவதற்கு அது அனுமதிச் சீட்டன்று.

இந்த இரண்டாம் பாதியையும் என் ஆசிரியர் அறிந்திருந்தார். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அஞ்சலட்டை எழுதுவார். பதில் வராவிட்டால் இன்னொன்று எழுதுவார். தேர்தல் பணிக்குச் சென்று பிறருடைய விரலில் மை வைத்துவிட்டு, தம்முடைய வாக்கைத் தபாலில் தவறாமல் அனுப்புவார். 1981ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடுவீடாகச் சென்றார். அம்மாதத்தின் கடைசி இரவு, வீடற்றவர்களைக் கணக்கெடுக்கும் இரவு. பேருந்து நிறுத்தத்திலும் சாவடியிலும் படுத்திருந்தவர்களை எழுப்பிப் பெயர் எழுதிய அனுபவத்தைப் பின்னர் வகுப்பில் சொன்னார். "குடிமதிப்பு நடந்த நாட்களில்தான் நம்முடைய ஆண்டவர் பிறந்தார். சத்திரத்திலும் இடமில்லை. அன்றைக்கு நான் பெத்லகேமில் கணக்கெடுத்திருந்தால், அந்தக் குடும்பத்தையும் இப்படித்தான் நடுராத்திரியில் எழுப்பியிருப்பேன்" என்றார். லூக்கா 2ஆம் அதிகாரத்துக்கு அதைவிடச் சிறந்த விளக்கவுரையை நான் அதிகம் கேட்டதில்லை. சிறையிருப்பில் இருந்த தம் ஜனத்திடம், தாங்கள் வாழும் அந்நிய நகரத்தின் நலனைத் தேடி அதற்காக வேண்டிக்கொள்ளும்படி எரேமியா எழுதினார் (எரேமியா 29:7). நம்முடைய சொந்த ஊரின் நலனை நாம் எவ்வளவு அதிகமாகத் தேட வேண்டும்!

பிரியமானவர்களே, இவற்றையெல்லாம் பழைய நினைவுகளாக மட்டும் நான் எழுதவில்லை. அண்மையில் வீடு சந்திப்புக்குச் சென்ற ஓர் இல்லத்தில், பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லவிருக்கும் மகனிடம், "தம்பி, படிப்பைத் தவிர உனக்கு எதில் விருப்பம்?" என்று கேட்டேன். அவன் தன் தகப்பனாரின் முகத்தைப் பார்த்தான். பின்பு, "தெரியவில்லை ஐயா" என்றான். அப்பிள்ளை நன்றாகப் படிக்கிறவன். கீழ்ப்படிதல் உள்ளவன். எனினும் அந்த விடை என்னைத் துயரப்படுத்திற்று. பதினாறு வயதில் தன் உள்ளம் எதில் மகிழுகிறது என்று அறியாத பிள்ளை, நாளை தோல்வி நேரும்போது எங்கே போய் நிற்பான்? மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் கைக்குக் கொடுக்காமல் நாம் பிள்ளைகளை வளர்த்தால், அந்த ஒன்று கைநழுவும் நாளில் அவர்கள் வெறுங்கையராய் நிற்பார்கள். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் மாநிலத்தில் நேரிடும் துயரச் செய்திகளை நீங்கள் அறிவீர்கள்.

விருப்பங்களும் விக்கிரகங்களாகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. கைப்பேசியில் இரவு கழிவதை நான் இங்கே பரிந்துரைக்கவுமில்லை. ஒன்றைச் செய்து முடித்தபின் நம் உள்ளத்தில் நன்றி எழுகிறதா, அயலானை முன்னிலும் அன்பாய்ப் பார்க்கிறோமா என்று சோதித்தறியலாம். நன்றியையும் அன்பையும் வளர்ப்பது ஆண்டவருடைய கூடையில் சேரும், மற்றது சிதறிப்போகும்.

ஆகையால் இவ்வாரம் மூன்று காரியங்களை உங்களிடம் வேண்டுகிறேன். உங்கள் பிள்ளைகளிடம், அவர்களுக்கு எதில் விருப்பம் என்று கேளுங்கள். விடை வருமட்டும் பொறுமையாயிருங்கள். பரணில் கிடக்கும் ஆர்மோனியமோ, ஓவியத் தாளோ, தோட்டக் கருவியோ எதுவாயினும் அதை இறக்கித் தூசி தட்டுங்கள். உங்கள் தெருவின் ஒரு குறையை உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அந்தத் தெருவுக்காக ஜெபியுங்கள். மீந்த துணிக்கைகள் சிறியவைதாம். சேர்த்துப் பாருங்கள், கூடைகள் நிறையும்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் வேலை நேரத்தைப் போலவே எங்கள் ஓய்வு நேரமும் உமக்குரியது என்று அறிக்கையிடுகிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியுள்ள இருதயத்தைத் தாரும். தேர்வு முடிவுகளுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் உமது கரத்தில் தாங்கிக்கொள்ளும். எங்கள் ஊரின் நலனைத் தேடுகிறவர்களாக எங்களை மாற்றும். எங்களிடத்தில் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்தருளும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.