ஹிரோஷிமாவில் ஒரு வெள்ளிக்கிழமை



2024 டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஜப்பானுக்குச் சென்று வந்தோம் என்றதும் பலரும் கேட்ட முதற்கேள்வி, "அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதுதான். பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணும் பெற்றோர் சிலர் விரிவாகவே எழுதும்படி கேட்டுக்கொண்டனர். அந்நாட்டின் தூய்மையையும் வரிசை ஒழுங்கையும் பற்றிப் போதுமான அளவுக்கு எழுதிவிட்டார்கள். நான் அவற்றைத் தொடப்போவதில்லை. தெருவோர உணவையும், அதைத் தொட மறுத்த என் அம்மாவையும் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்றவர்கள் நால்வர். நானும் கணவரும், ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மகளும், 77 வயதான அம்மாவும்.

முதல் மாலை ஒசாக்காவின் தோத்தொன்போரி கால்வாய்ப் பகுதிக்குப் போனோம். கடை வாசல்களிலேயே அடுப்புகள் எரிகின்றன. தாக்கோயாக்கி கடைகளே மிகுதி. அதன் இரும்புக் கல்லைக் கண்டதும் அம்மா, "இது நம்ம பணியாரக் கல்லுதானே?" என்றார். உண்மைதான். அரை உருண்டைக் குழிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. மீன்சாறு கலந்து தண்ணீர்போல் கரைத்த கோதுமை மாவைக் குழி நிரம்பி வழியும்படி ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு குழியிலும் ஓர் ஆக்டோபஸ் துண்டு விழுகிறது. அதன்மேல் வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய், பொரித்த மாவுத் துணுக்குகள். ஓரம் வெந்ததும் கூரிய கம்பியால் கால்வட்டம் திருப்பி, வெளியே வழிந்த மாவையும் உள்ளே தள்ளி, மீண்டும் சுழற்றுகிறார்கள். நம் பணியாரத்தை ஒருமுறை திருப்பினால் போதும். அங்கே கை நிற்பதே இல்லை.

மேலே இனிப்பும் புளிப்பும் கலந்த கருஞ்சாறும் மயோனெஸும் ஊற்றிக் கடைசியில் சீவிய மீன் செதில்களைத் தூவுகிறார்கள். சூட்டில் அச்செதில்கள் நெளிந்தாடும். "உயிரோட இருக்குதும்மா!" என்று மகள் பின்வாங்கினாள். சூரை இன மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுகக் காயவைத்துச் சீவிய செதில் அது. நம்மவர் அறிந்த மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. எட்டு உருண்டைகளுக்கு 700 யென் கொடுத்தோம். ஏறக்குறைய 20 ரிங்கிட். வெளியே ஆறிவிட்டதுபோல் தோன்றினாலும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு இரண்டாகப் பிளந்து, ஊதிக் கொடுங்கள்.

இவ்வுருண்டையை ஒசாக்காவில் எண்டோ தொமெகிச்சி என்ற கடைக்காரர் 1935-இல் செய்யத் தொடங்கியதாகச் சொல்வர். அதற்குமுன் அவர் உள்ளே வைத்தது மாட்டுத் தசைநாரை. மாட்டிறைச்சி உண்ணாத நம் குடும்பங்கள் இன்றும் ஒசாக்காவில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். குஷிகாட்சு எனும் குச்சிப் பொரியலில் மாட்டிறைச்சியே முதலிடம் பெறுகிறது.

அம்மா ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. "பசிக்கல" என்றார். விடுதிக்குத் திரும்பி, கடையில் வாங்கிய வெறுஞ்சோற்றில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயைப் பிசைந்து உண்டார். மறுநாளும் அப்படியே. நான் வற்புறுத்தவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் ஜப்பான் என்பது ஒரு நாட்டின் பெயராக இருந்ததில்லை. அது ஒரு காலத்தின் பெயர். "ஜப்பான்காரன் காலம்" என்றால் 1941 டிசம்பரில் தொடங்கி 1945-இல் முடிந்த மூன்றரை ஆண்டு. தைப்பிங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தாத்தா, அம்மாவின் அப்பா, 1943-இல் சயாமுக்கு லோரி ஏற்றப்பட்டார். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். போர் முடிந்தபின் திரும்பி வந்தார். எலும்புவரை அரித்த புண்ணின் தழும்பு கடைசிவரை அவர் கணுக்காலுக்குமேல் பளபளத்தது. சிறு வயதில் நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் எஞ்சியிருந்தவர்கள் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிர் பிடித்தனர். தாத்தா திரும்பி வந்தபின் மரவள்ளிக்கிழங்கை வீட்டுக்குள் விடவில்லை.

அம்மா 1947-இல் பிறந்தவர். "அந்தக் குண்டு விழலைன்னா எங்கப்பா வந்திருக்க மாட்டாரு, நானும் பொறந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிக் கேட்டே நான் வளர்ந்தேன். பேத்தி கெஞ்சியதால்தான் பயணத்துக்கே ஒப்புக்கொண்டார். அவராகக் கேட்ட ஊர் ஒன்றே ஒன்று, ஹிரோஷிமா.

டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை. ஷின்-ஒசாக்காவிலிருந்து அதிவேக இரயிலில் ஒன்றரை மணி நேரம். அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் 1945 ஆகஸ்டு 6 அன்று இறந்துபோன ஒரு நடுநிலைப் பள்ளி மாணவனின் உணவுப்பெட்டி இருக்கிறது. அவன் உண்ணாமலே போன உணவு உள்ளே கரிந்து கிடக்கிறது. அம்மா அதன்முன் நெடுநேரம் நின்றார். "பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்று மட்டும் கேட்டார். நாள்தோறும் மாணவர்களின் உணவுப்பெட்டிகளைப் பார்த்துப் பழகிய எனக்கும் அங்கிருந்து நகர்வது எளிதாக இல்லை.

நண்பகலில் ஒக்கோனோமிமுரா என்ற கட்டடத்துக்குச் சென்றோம். மாடி மாடியாக இருபதுக்கும் மேற்பட்ட சிறு கடைகள், அனைத்திலும் ஒக்கோனோமியாக்கி. ஹிரோஷிமாவில் இதன் கதை பசியிலிருந்து தொடங்குகிறது. போருக்குமுன் பிள்ளைகள் சில்லறைக் காசுக்கு வாங்கிய மெல்லிய மாவடை அது. குண்டு விழுந்து நகரம் அழிந்தபின் அரிசி கிடைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவு கிடைத்தது. அதை மெலிதாக ஊற்றி, முட்டைக்கோஸைக் குவித்து, பின்னாளில் மீயும் முட்டையும் சேர்த்து வயிறு நிரம்பும் உணவாக்கித் தள்ளுவண்டிகளில் விற்றார்கள். அவ்வண்டிக் கடைகளின் வழிவந்தவையே இன்று மாடியில் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா கவுச்சி தொடமாட்டார். அன்று காலை முதல் அவர் குடித்தது தேநீர் மட்டும். முட்டைக்கோஸையும் மாவையும் மட்டும் வைத்துச் சுட்டுத்தர முடியுமா என்று கடைக்கார அம்மையாரிடம் கைத்தொலைபேசிச் செயலியின் துணையால் கேட்டேன். இறைச்சி, முட்டை, மீன் எதுவும் கூடாது என்பதையும் காட்டினேன். அவர் சற்று யோசித்தார். பிறகு மாவுப் பாத்திரத்தைச் சுட்டி, துண்டுத்தாளில் ஒரு மீனை வரைந்து, இரு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறிபோல் மடக்கினார். மாவிலேயே மீன்சாறு கலந்திருக்கிறதாம். கொடுத்திருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது, அவருக்கோ வியாபாரம். நாங்கள் மூவரும் உண்டு முடிக்கும்வரை அம்மாவுக்கு வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அம்மா அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தி நேரத்தில், ஆற்றங்கரைக்குப் போகும் சாலையில், புகைபோக்கி வைத்த சிறு லோரி ஒன்று நின்றது. சூடான கூழாங்கற்களுக்கிடையே சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். வேறென்ன சேர்த்திருக்கிறது என்று செயலியில் கேட்டேன். "கல்லும் நெருப்பும்" என்று விடை வந்தது. ஒன்று வாங்கினேன். 500 யென்.

அம்மா ஆற்றோரத் திண்ணையில் அமர்ந்து தோலை உரித்தார். மஞ்சள் சதையிலிருந்து ஆவி எழுந்தது. தோலின் ஓரத்தில் தேன்போல் பாகு கசிந்திருந்தது. எதுவும் பேசாமல் பாதியை உண்டார். போர்க்காலத்தில் ஜப்பானிலும் அரிசி இல்லாமல் போனதையும், பள்ளித் திடல்களைக்கூடக் கொத்தி இந்தக் கிழங்கைப் பயிரிட்டதையும், அதையே தின்று வளர்ந்த முதியவர் பலர் பிறகு அதைத் தொட விரும்பவில்லை என்பதையும் நான் படித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"அவங்களுக்கும் கிழங்குதானா?" என்றார் அம்மா.

எதிர்க்கரையில் இடிந்த கூண்டுக் கட்டடத்தில் விளக்கு எரிந்தது. மகள் பாட்டியின் தோளில் சாய்ந்துகொண்டாள். "எங்கப்பா இருந்திருந்தா இதையும் தொட்டிருக்க மாட்டாரு" என்று சற்று நேரம் கழித்துச் சொன்னார். பிறகு கைப்பையைத் துழாவி நாணயங்களை எண்ணிப் பேத்தியின் கையில் வைத்தார்.

"அந்த வண்டி போறதுக்குள்ள இன்னொண்ணு வாங்கிக்கிட்டு வா. இராத்திரிக்கு ஆகும்."