யார் பெரிய ஆட்டக்காரர்?

சென்ற ஞாயிறன்று சதுரங்கப் பலகையின் முன் எனக்கும் என் மைந்தனுக்கும் ஒரு வாதம் மூண்டது. "அப்பா, உங்கள் பாபி பிஷர் 1972-இல் பெற்ற புள்ளி 2785. மாக்னஸ் கார்ல்ஸனோ 2014-இல் 2882 பெற்றார். இன்னும் பேச்சு எதற்கு?" என்றான்.

எனக்குச் சிறிது கோபமே வந்தது. ஆயினும் அப்புள்ளி எவ்வாறு பிறக்கிறது என்று ஆராய்ந்தேன். அம்முறையை வகுத்தவர் அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஆர்பத் ஈலோ. உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970-இல் அதனை ஏற்றது. எதிரியை வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். ஆகவே ஒருவர் தம் காலத்தவரைவிட எவ்வளவு உயர்ந்து நின்றார் என்பதையே அது காட்டும். காலங்கடந்து அளக்கும் கோல் அன்று.

1972-இல் உலக சாம்பியன் ஸ்பாஸ்கியின் புள்ளி 2660. பிஷர் 125 புள்ளி மேலே நின்றார். 2014-இல் கார்ல்ஸனுக்கும் அடுத்தவரான ஆரோனியனுக்கும் இடைவெளி 70-க்கும் குறைவு.

எனினும் மைந்தன் பக்கமும் நியாயம் உண்டு. முன்னோரின் ஆட்டங்களைக் கற்று, கணிப்பொறியின் துணையும் பெற்ற கார்ல்ஸனை அன்றைய பிஷருக்கு எதிரே அமர்த்தினால், கார்ல்ஸனே வெல்லக்கூடும். நன்றாக ஆடுபவர் யார் என்பது ஒரு வினா; தம் காலத்தில் ஓங்கி நின்றவர் யார் என்பது வேறு வினா. இரண்டையும் ஒன்றாகக் கலந்ததே எங்கள் பிணக்கு.

இதைக் கூறியதும் அவன் பேசாமல் காய்களை அடுக்கினான். அவனுக்கு ஆட்டம் கற்பித்தவன் நான். அன்றும் வென்றவன் அவனே. எனக்கு அதில் வருத்தமில்லை.