பெயரிட்டு வைத்தல்

எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவனே படித்தவன் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று பத்திரங்களில் பெரும்பாலானவை கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டன. தன் பத்திரம் அவற்றுள் எங்கே இருக்கிறதென்று அறியாதவன், வாசிக்கத் தெரிந்தும் பாதிப் படிப்பாளியே யாவான்.

சிங்கப்பூர் அரசாங்கம் 2020ஆம் ஆண்டில் மின்னிலக்க அலுவலகம் ஒன்றை நிறுவி, முதியோருக்கும் அங்காடிக்காரருக்கும் கற்பிக்கத் தூதர்களை அனுப்பிற்று. பயன்மிக்க பணியே. ஆயினும், பணம் செலுத்தவும் முகம் பார்த்துப் பேசவும் கற்ற பின்னரும், வைத்ததைத் திரும்ப எடுக்கும் வித்தை பலருக்குக் கைவரவில்லை. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தில் ஞாயிறுதோறும் சிலருக்குக் கணினி சொல்லிக்கொடுத்துவரும் நாம் இதனைக் கண்கூடாகக் காண்கிறோம்.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சன்று. தோட்டத்தில் நம் பாட்டன்மார் செக்ரோலைத் தொட்டதில்லை. கிராணி எழுதியதே கணக்கு, கங்காணி சொன்னதே சம்பளம். இங்கோ 2016 ஏப்ரல் முதல், சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் சட்டக் கடமை. அது தாளாகவும் வரலாம், மின்வடிவிலும் வரலாம். நம்மிடம் வந்த கட்டட வேலைக்காரர் ஒருவருக்கு அவை கைப்பேசியில் வந்திருந்தன. ஆனால் எண்களே பெயராக, காலை வணக்கப் படங்களுக்கும் கலியாண அழைப்புகளுக்கும் நடுவே சிதறிக் கிடந்தன. மாதவாரியாக அடுக்கிய பின்னரே, இரண்டு மாதச் சீட்டுகள் வரவேயில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. வேலையை விட்டவர் சம்பளக் குறையை 6 மாதத்துக்குள் முறையிட வேண்டுமென்பது விதி. தேடுவதிலேயே நாள் கழியுமாயின் நியாயம் எங்ஙனம் கிட்டும்?

கற்பிப்பது கடினமன்று. கோப்பு என்னும் சொல் கோத்தலிற் பிறந்தது. கோத்ததை இட்டுவைக்கும் உறை கோப்புறை. அஞ்சறைப் பெட்டியைக் காட்டினால் தாய்மார்கள் உடனே விளங்கிக்கொள்கிறார்கள். சீரகத்தைத் தேடி அடுக்களை முழுவதும் அலைபவர் எவருமில்லை. மருத்துவம், சம்பளம், பிள்ளைகள் படிப்பு என மூன்று உறைகள் தொடக்கத்திற்குப் போதும். பின்னர் ஒவ்வொன்றினுள்ளும் ஆண்டுக்கோர் உறை. கோப்பின் பெயரில் ஆண்டை முதலில் வைத்து 2025-03-07 என்றெழுதினால், பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். சாய்கோடு இட்டால் விண்டோஸ் கணினி ஏற்காது, சிறுகோடே இடல்வேண்டும். முக்கியமானவற்றுக்கு வேறோரிடத்திலும் ஒரு நகல் இருத்தல் நலம்.

பெயரைத் தமிழிலேயே இடலாமா என்று வியப்போடு கேட்கிறார்கள். தாராளமாக இடலாம். கணினிக்குக் கணினி தமிழெழுத்து மாறித் தோன்றிய நாட்களில், அதற்கொரு பொதுக் குறியீடு காண ஆராய்ந்த தமிழ்நெட் 97 மாநாடு, 1997இல் இந்தச் சிங்கப்பூரிலேதான் கூடிற்று. இன்று ஒருங்குறி அக்குறையைப் போக்கிவிட்டது. ஆங்கிலம் அறியாமை இனித் தடையன்று.

ஆதலின் இளைஞர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. பெற்றோரின் கைப்பேசியை வாங்கி நீங்களே விரைவாக அடுக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் இட்ட பெயர் அவர்கள் நினைவில் நில்லாது. அடுத்த முறையும் உங்களையே தேடிவருவார்கள், நீங்களும் வீட்டுக்கொரு கிராணியாய் இருப்பீர்கள். அருகமர்ந்து பொறுத்திருங்கள். நேரமானாலும் ஆகட்டும், அவரவர் சீட்டுக்கு அவரவரே பெயரிடட்டும்.