விலையிலா நூல்களும் வாசகர் கடனும்

தாளைப் புரட்டாத படிப்பும் ஒரு படிப்பாகுமோ என்று வகுப்பிற் பலகாலும் கூறி வந்தோம். கொட்டாஞ்சேனையில் எம்மிடம் தமிழ் பயிலும் மாணவர் சிலர் கைத்தொலைபேசியிற் குறள் படித்தமை கண்டு கடிந்ததும் உண்டு. அக்கூற்றை மீளப் பெறுதற்கு நம் கல்லூரியின் இவ்விழா மலரினும் ஏற்ற இடம் பிறிதில்லை.

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையிலிருந்த எம் இல்லம் எரியுண்டது. அப்பொழுது யாம் நடைபயிலும் பருவத்தோம். இழந்த பிற பொருள்களைப் பற்றி எம் தந்தையார் பின்னாளிற் பேசியதில்லை. இரண்டு அலுமாரி நூல்களைப் பற்றியே பேசுவார். அவற்றுள்ளும் கலித்தொகையைப் பற்றியே மிகுதியும் பேசுவார். வேறொரு பிரதி வாங்கிக் கொடுத்தோம். அதற்குள் அவர் கண்பார்வை மங்கிவிட்டது.

சென்ற ஆண்டு கனடாவிலிருந்து வந்த எம் தமையனார் மின்னூல் வாசிக்குங் கருவியொன்றைக் கொணர்ந்தார். அப்பியாசக் கொப்பியினும் சிறியது. தாளைப் போலவே வெளியொளியிற் படிக்கத்தக்கது. கண்ணைக் கூசச் செய்யாதது. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்திலிருந்து கலித்தொகையை அதில் இறக்கினோம். நூலுக்கு ஒரு சதமும் செலவில்லை. எழுத்தைப் பெருக்கி, வரிக்கு மூன்று நான்கு சொற்களே நிற்குமாறு அமைத்து அவர் கையிற் கொடுத்தோம்.

தந்தையார் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். சில பாடல்கள் சென்றதும் நிறுத்தி, "இவ்விடத்தில் ளகரம் பிழை, ழகரமே வேண்டும்" என்றார். அச்சுப் பிரதியோடு ஒப்புநோக்கினோம். அவர் கூறியதே சரி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எரிந்த நூலை அவர் நெஞ்சம் எழுத்துப் பிசகாமற் காத்து வைத்திருந்தது.

அந்த ஓரெழுத்து எம்மைச் சிந்திக்கச் செய்தது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, 1887இற் கலித்தொகையை முதன்முதல் அச்சேற்றினார்கள். நம் காலத்துத் தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து ஊதியமின்றித் தட்டெழுதிப் பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கினர். 2005இல் தோன்றிய நூலகம் திட்டமோ ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காக்கின்றது. அவை படமாதலின், பெருக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும்; ஆயின் பழைய அச்சின் உருவம் மாறாது. ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு கடந்த நூல் நம் நாட்டுச் சட்டப்படி பொதுவுடைமையாகும். ஆதலின் விலையின்றி வழங்கலாம். விலையின்மை உழைப்பின்மை ஆகாது.

பிழையைத் திட்டத்தார்க்கு எழுதி அறிவித்தோம். எம் மாணவர் இப்பொழுது தடையின்றி மின்னூல் படிக்கின்றனர்; ஐயுறும் இடங்களைக் குறித்து வருமாறு பணித்துள்ளோம். நூல் வாங்க வசதியற்ற மாணவனும் இவ்வாறு தன் கடனைச் செலுத்தலாம்.

பழைய மாணவ நண்பர்களே, உங்கள் இல்லங்களிற் பழைய நூல்களோ மலர்களோ உளவாயின் படமெடுக்கக் கொடுத்துதவுங்கள். எரிந்த பின் வருந்துவதினும் இருக்கும்போதே வழங்குதல் நன்று.

வாழிய நம் கல்லூரி!