கடல் கொண்ட ஊரிலிருந்து வந்தவர்

தென்காசியில் ஏறிய பேருந்து சிங்கப்பெருமாள்கோயிலில் என்னை இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. பாடலாத்ரி நரசிம்மரின் குடைவரைக் கோயில் இருக்கும் குன்று இருட்டில் கோடாகத் தெரிந்தது. அங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் திரும்பியதுமே கம்பெனிப் பேருந்துகளின் வரிசை தொடங்கிவிட்டது. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் ஜன்னலில் தலை சாய்த்து உறங்கியபடி எதிரே வந்தார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு சாலையோரம் காத்து நின்றார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். தலையில் பூ, தோளில் சாப்பாட்டுப் பை.

ஒரகடம் சந்திப்பில், வண்டலூர்-வாலாஜாபாத் சாலை குறுக்கே வெட்டும் இடத்தில், ஒரு தேநீர்க் கடையில் நின்றேன். என்னைச் சுற்றி ஐந்தாறு மொழிகள். அவற்றில் தமிழும் இந்தியும்தான் எனக்கு அடையாளம் தெரிந்தன. பக்கத்து மளிகைக் கடையில் கடுகெண்ணெய்ப் புட்டிகள், அவல், பொரி. ரயில் டிக்கெட் எடுத்துத் தரும் கடையின் பலகையில் தமிழுக்குக் கீழே இந்தியும், அதற்கும் கீழே வட்ட வட்டமாக ஒடியாவும். தமிழ்நாட்டைத் தாண்டாமலே தூர தேசத்துத் துறைமுகம் ஒன்றில் வந்து இறங்கிய வியப்பு எனக்கு.

இந்தப் பக்கம் ஏரிப் பாசன நெல் வயல்களாக இருந்த காலம் அதிக தூரத்தில் இல்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014இல் மூடிக்கொண்டு போனது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதிக் கட்டடங்களை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். தொழிற்சாலைகளோடு கூடவே பொறியியல் கல்லூரிகளும் இங்கே முளைத்தன. கார் எங்கே தயாராகிறது, போன் எங்கே தயாராகிறது என்று எழுதியவர்கள் பலர். அந்தக் கல்லூரி விடுதிகளில் சோறு யார் வடிக்கிறார்கள், தண்ணீர் யார் ஏற்றுகிறார்கள் என்று எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் வந்தது அதற்காகத்தான்.

என் தோழி இங்கே ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். அவளும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் சேர்ந்து ஒரு மாலைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். சமையல்கூடம், துப்புரவு, காவல், குழாய், மின்சாரம் என்று கல்லூரியில் வேலை செய்யும் வெளியூர்க்காரர்கள் மேடையில் ஏறித் தங்கள் ஊரைப் பற்றிப் பேச வேண்டும், மாணவர்கள் கேட்க வேண்டும். அன்றிரவுச் சாப்பாடு மாணவர்கள் பொறுப்பு. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் அவர்களே செய்தார்கள். சமையல்காரர்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும் அல்லவா! அந்த ஒரு யோசனைக்காகவே அந்தப் பிள்ளைகளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதலில் வந்தவர் இரவுக் காவலர். நேபாளத்தின் தூர மேற்கே அச்சாம் மாவட்டத்துக்காரர். 1950ஆம் ஆண்டின் இந்திய-நேபாள ஒப்பந்தம் இருப்பதால் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் எல்லை தாண்டி வந்து வேலை செய்கிறார். பேச்சு அவருக்கு வரவில்லை. மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, கைகோத்து வட்டமாக்கி, தேவுடா ஆடக் கற்றுக்கொடுத்தார். ஒரு பக்கம் பாட்டில் கேள்வி கேட்க, எதிர்ப்பக்கம் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். கால்கள் ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் போக வேண்டும். தினமும் இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டும் மனிதர் அவர். அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்ததை அன்றுதான் கல்லூரி கேட்டது.

பெண்கள் விடுதியைச் சுத்தம் செய்யும் போடோ இனப் பெண் அசாமின் சிராங் மாவட்டத்திலிருந்து வந்தவர். தன் கையால் நெய்த தோக்கனா உடுத்தி வந்தார். அவர்கள் வீட்டு முற்றத்தில் சிஜூ என்ற கள்ளிச் செடியை நட்டு, மூங்கில் வேலி கட்டி, அதையே பாதவு என்ற தெய்வமாக வணங்குவார்களாம். தையை ஒட்டி அவர்கள் ஊரிலும் அறுவடைத் திருநாள் வரும், விடியலில் தீ வளர்ப்பார்கள் என்றதும், "நம்ம போகி!" என்று மாணவிகள் கூவினார்கள். 2012 கலவரத்தைப் பற்றி ஒருவன் கேட்டான். கோக்ராஜார், சிராங் பகுதிகளில் நான்கு லட்சம் பேர் வரை வீடிழந்து முகாம்களுக்குப் போன வருடம் அது. "அப்போ நான் சின்னப் பொண்ணு. முகாம்ல இருந்தோம்" என்று மட்டும் சொன்னார். தோழி பேச்சைத் தறியின் பக்கம் திருப்பிவிட்டாள். அது சரியான காரியம். பிறர் துயரத்தை மேடையில் வைத்துத் துருவ யாருக்கும் உரிமை இல்லை.

பிறகு காய் நறுக்கும் இளைஞன் வந்தான். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டம், சந்தால் பழங்குடி. வயது இருபதைத் தாண்டியிருக்காது. மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போனான். சாக்பீஸால் ஒவ்வோர் எழுத்தாக எழுத ஆரம்பித்தான். அது தேவநாகரியும் இல்லை, ஒடியாவும் இல்லை. ஓல் சிக்கி. 1925இல், அதே மயூர்பஞ்சைச் சேர்ந்த ரகுநாத் முர்மு தன் சந்தாலி மொழிக்காக உருவாக்கிய எழுத்து. முப்பது எழுத்துகள். கண்ணால் பார்த்த பொருள்களிலிருந்தும் அசைவுகளிலிருந்தும் அவற்றின் வடிவங்களை முர்மு எடுத்தார். இளைஞன் ஓர் எழுத்தைக் காட்டி ஏர் பிடிப்பது போலக் கையை வைத்தான். அடுத்த எழுத்துக்கு அரிவாளால் கதிர் அறுத்தான். இது காளான், இது மலை உச்சி, இது பறக்கும் வண்டு, இது சோறு சமைக்கும் பாத்திரம். கடைசியைச் சொன்னபோது சமையல்கூடத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து பெரிய கைத்தட்டல் எழுந்தது.

நான் உறைந்து உட்கார்ந்திருந்தேன். தமிழ் எழுத்தின் வயதைப் பற்றி எத்தனை மேடைகளில் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். இங்கே, நூறு வருடத்துக்கு முன் ஒரு மனிதர் தன் மக்கள் பேசுவதை எழுத வேண்டுமென்று உட்கார்ந்து, வயலையும் அடுப்படியையும் பார்த்து எழுத்து செய்திருக்கிறார். அதை மனப்பாடமாக எழுதிக் காட்டக்கூடிய ஒருவன் தினமும் வெங்காயம் நறுக்குகிறான். சந்தாலி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 2003இல்தான் சேர்ந்தது. போடோ மொழியும் அதே திருத்தத்தில்தான். சந்தாலி ஆஸ்திரோ-ஆசிய குடும்பம், கம்போடியாவின் கெமர் மொழிக்குத் தூரத்து உறவு. போடோ திபெத்திய-பர்மியக் குடும்பம். ஒடியா இந்தோ-ஆரியக் குடும்பம். மூன்று மொழிக்காரர்களும் ஒரே சமையல்கூடத்தைச் சுற்றி வாழ்கிறார்கள். நாமோ மூவரையும் சேர்த்து "இந்திக்காரங்க" என்கிறோம். இது என்னை வருத்துகிறது. தமிழை இன்னொரு மொழியோடு யாராவது குழப்பினால் நமக்கு எப்படிக் கோபம் வருகிறது!

"நம்ம நாட்டு ஜனாதிபதி எங்க ஜில்லாதான்" என்று கடைசியில் தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்தான் அந்த இளைஞன். திரௌபதி முர்முவும் மயூர்பஞ்ச் சந்தால்தான். வரிசையில் நின்று தங்கள் பெயரை ஓல் சிக்கியில் எழுதி வாங்கிக்கொண்டார்கள் மாணவர்கள். தமிழின் ழகரத்துக்கு என்ன செய்வது என்று அவன் திணறியதைப் பார்க்க அழகாக இருந்தது.

குழாய்க்காரர் கடைசியாக வந்தார். நாற்பது வயதிருக்கும். தமிழ்நாட்டுக்கு வந்து பல வருடம் ஆனதால் தமிழ் தடையில்லாமல் வந்தது. ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டம். இந்தியாவில் எந்த ஊர்ப் பெரிய கட்டடத்துக்குப் போனாலும் அங்கே குழாய் பொருத்தியவர் கேந்திரபாடாக்காரராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆங்கிலேயர் காலக் கல்கத்தாவில் இந்த வேலை பழகிய சிலர் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுப் பையன் என்று அழைத்துப்போய்ப் பழக்க, மாவட்டமே அந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே பட்டாமுண்டாய் என்ற ஊரில் குழாய் வேலைக்கென்றே அரசு பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது.

ஆனால் அவர் தொழிலைப் பற்றிப் பேசவில்லை. தன் ஊர் இப்போது இல்லை என்று ஆரம்பித்தார். ஊர் பெயர் சதபாயா. ஏழு ஊர்கள் சேர்ந்த கூட்டம். வங்கக் கடல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. 1964இல் புயல் ஒரே இரவில் கொண்டுபோன தனுஷ்கோடியை நினைத்துக்கொண்டேன். சதபாயாவின் கதை வேறு.

"கடல் ஒரே நாள்ல வரலைங்க. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. வீட்டைப் பின்னாடி தள்ளிக் கட்டுவோம். திரும்பவும் வரும். திரும்பவும் தள்ளிக் கட்டுவோம். பள்ளிக்கூடம் போச்சு, தென்னந்தோப்பு போச்சு, வயல் போச்சு."

ஊரின் அடிபம்பு ஒன்று அலைகளுக்கு நடுவே நின்றதாம். மண் அரிக்க அரிக்க அதன் குழாய் வெளியே நீண்டுகொண்டே வந்தது. எத்தனை அடி வெளியே தெரிகிறது என்று பார்த்து, எத்தனை அடி நிலம் போனது என்று சிறுவர்கள் கணக்குப் போடுவார்கள். குழாயை முதன்முதலாக அவர் உற்றுப் பார்த்தது அங்கேதான். சொல்லும்போது அவர் குரலில் அழுகை இல்லை. ஒரு பொறியாளரின் துல்லியம் இருந்தது. முன்வரிசையில் சிவில் படிக்கும் மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஊரின் தெய்வம் பஞ்சுபராகி. ஐந்து அம்மன் சிலைகள். பூசை செய்வது பெண்கள் மட்டும், அதுவும் மீனவத் தலித் குடும்பங்களில் திருமணமான பெண்கள். ஆண்கள் சிலையைத் தொடக்கூடாது. கடல் கோயிலையும் நெருங்கியபோது, 2018 ஏப்ரலில், சிலைகளைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. ஒவ்வொன்றும் ஒன்றரை டன் வரை கனம். வேறு வழியின்றி ஆண்களைத் தொட அனுமதித்தார்கள். ஏறத்தாழ நானூறு வருடத்தில் அதுதான் முதல் முறை. "தூக்கினது ஆம்பளைங்க. ஆனா பூசை இன்னைக்கும் எங்க அம்மாமாருங்கதான்" என்றார். ஒரு மாணவி எழுந்து, மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூசை செய்வதைச் சொன்னாள். குழாய்க்காரர் முகம் மலர்ந்தது. அது இங்கிருந்து எவ்வளவு தூரம், எந்த பஸ் என்று மேடையிலிருந்தே விசாரித்தார்.

சதபாயாவின் 571 குடும்பங்களுக்கு பாகபாட்டியா என்ற இடத்தில் தலா பத்து சென்ட் மனையும் வீடு கட்டப் பணமும் கொடுத்தது ஒடிசா அரசு. வயல் கிடைக்கவில்லை. உழ நிலம் இல்லாத ஊரில் ஆண்கள் என்ன செய்வார்கள்? கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ரயிலேறினார்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அவர்கள் ஊர்வண்டி போல. 2023 ஜூன் 2 அன்று பாகாநாகா பஜாரில் அந்த வண்டி கவிழ்ந்தபோது இந்த விடுதியின் சமையல்கூடத்தில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை என்றார்.

வெளியூர்த் தொழிலாளர்களைக் காக்க 1979இல் வந்த சட்டத்துக்கு வித்திட்டதே ஒடிசாவின் 'தாதன்' கூலிகள் பட்ட பாடுதான். முன்பணம் கொடுத்து ஏஜெண்டுகள் அழைத்துப்போய் ஏமாற்றிய கதைகள் அவை. சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் இவர்களில் பலருக்கு வேலை ஒப்பந்ததாரர் வழியாகத்தான். கல்லூரியின் ஊழியர் பட்டியலில் பெயர் இருக்காது. மேடையில் ஏற்றிக் கேட்டது நல்லது. அந்தப் பட்டியலிலும் ஏற்ற வேண்டும். என் தாத்தாவும் இப்படி வெளியூர்க்காரராகக் கொழும்பில் ஒரு கடையில் சிப்பந்தியாக இருந்தவர். அந்த ஊர்க்காரர் யாரும் அவரிடம் தென்காசி எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்று பாட்டி சொல்வாள்.

கூட்டம் கலைந்த பிறகு எலுமிச்சைச் சோற்றுத் தட்டோடு குழாய்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர், 1017இல் பிறந்தவர், அவர் பூரிக்குப் போனதாகச் சொல்வார்கள் என்றேன். அவருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. பூரி ஜகந்நாதர் கோயிலருகே ராமானுஜர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏமார் மடம் இருந்ததையும், 2019இல் அதன் பெரும்பகுதியை இடித்ததையும் சொன்னார். பூரியின் பூசை முறையை ராமானுஜர் மாற்றப் பார்த்தார், ஜகந்நாதர் சம்மதிக்காமல் இரவோடிரவாக அவரை ஸ்ரீகூர்மத்தில் கொண்டு விட்டுவிட்டார் என்பது வைணவ மரபுக் கதை. அதையும் அவர் அறிவார். "சாமி அவரை அனுப்பிச்சுது. ஆனா கோபத்துல இல்ல. அவரும் பெரியவர், எங்க ஊர் முறையும் பெருசு" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போய், 'தானுகந்த திருமேனி' என்று நாம் போற்றும் ராமானுஜரின் சந்நிதியில் நின்றுவிட்டு வருவாராம்.

பஞ்சுபராகியைப் பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது. சொன்னேன். உடனே தட்டைக் கீழே வைத்துவிட்டு என் நோட்டை வாங்கி வழி எழுதினார், தமிழ் எழுத்தில்: சென்னையில் கோரமண்டல், கட்டாக்கில் இறங்கு, பஸ் கேந்திரபாடா, அங்கிருந்து பட்டாமுண்டாய், ராஜ்நகர், பிறகு ஆட்டோ பாகபாட்டியா. மழைக்காலத்தில் வேண்டாம், தை மாசிக்குள் வந்துவிடுங்கள், பக்கத்திலே கஹிர்மாதா கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் வருகிற காலம் அது, நம் மெரினா பக்கம் முட்டையிட வரும் அதே ஆமைதான் என்றார். கோயிலில் பூசாரி அம்மாவிடம் ஒரகடத்துக் கல்லூரியில் வேலை செய்கிறவர் அனுப்பினார் என்று சொன்னால் போதுமாம். அங்கே இப்போது பூசை முறை அவருடைய பெரியம்மாவுக்கு.